தேய்ந்த காசைப் படிப்பது எப்படி? அமெரிக்காவின் தொடக்ககாலச் செம்பு நாணயங்கள்

வரலாற்றுப் பாடத்தில் முதன்மைச் சான்று என்றதும் மாணவர்கள் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். நாணயமும் அந்தப் பட்டியலில் கடைசியாக வரும். "சரி, நாணயத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?" என்று அடுத்த கேள்வி போட்டால், "ஆண்டு, அரசர் பெயர்" என்பதோடு பதில் நின்றுவிடும். அந்த ஆண்டும் தேய்ந்துபோய், உருவமும் மழுங்கிப்போய், வெறும் செம்பு வட்டமாக ஒரு காசு கையில் கிடைத்தால்? அது சான்றா, பழைய சாமான் கடைச் சரக்கா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட அமெரிக்காவின் பெரிய சென்ட் நாணயங்களைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1793 முதல் 1857 வரை ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் இவை அடிக்கப்பட்டன. கூடவே அரை சென்ட்டும் வெளிவந்தது. 1857-இல் சின்ன சென்ட் வந்த பிறகுதான் பழையதற்குப் 'பெரிய சென்ட்' என்ற பெயர் நிலைத்தது. அகலத்தில் ஏறக்குறைய நம் நாட்டின் பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு இருக்கும். ஆனால் முழுச் செம்பு, கனமானது. தொடக்கத்தில் 208 கிரெய்ன், அதாவது சுமார் 13.5 கிராம். செம்பின் விலை ஏறியதால் 1795-இன் கடைசியில் அதை 168 கிரெய்னாக, சுமார் 10.9 கிராமாகக் குறைத்தார்கள்.

இந்தக் காசுகள் கடைக்கும் சந்தைக்கும் அலைந்தவை. வெள்ளி, தங்கம் மாதிரி யாரும் இவற்றைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. ஆகவே இன்று கிடைப்பவற்றில் மிகப் பல தேய்ந்தவைதான். இருந்தும், ஒரு காசைப் பார்த்து "இது 1794-இன் இன்ன அச்சில் அடித்தது" என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. எப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள, முதலில் பட்டறைக்குள் போக வேண்டும்.

அமெரிக்க நாணயச்சாலை 1792 ஏப்ரல் 2-ஆம் தேதி நிறைவேறிய சட்டத்தால் உருவானது. முதல் இயக்குநர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்ற அறிவியலாளர். நாணயச்சாலை என்றதும் பெரிய தொழிற்சாலையைக் கற்பனை செய்ய வேண்டாம். செம்புத் தகட்டை உருட்டிச் சன்னமாக்கக் குதிரைகள். காசடிக்க, மனிதர்கள் கையால் சுழற்றும் திருகு அழுத்தப்பொறி. வட்டமாக வெட்டிய செம்பு வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அழுத்து. மேல் அச்சு ஒரு பக்கம், கீழ் அச்சு மறுபக்கம். காசு தயார்.

அந்த அச்சை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எழுத்துகள், எண்கள், இலைகள் எல்லாவற்றையும் எஃகு அச்சில் ஒவ்வொன்றாகக் கையால் அடித்து இறக்கினார்கள். முனையில் ஒரே ஓர் எழுத்து புடைத்திருக்கும் சின்ன எஃகுக் கோலை அச்சின்மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டு. அடுத்த எழுத்துக்கு அடுத்த கோல். அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி. இப்படிச் செய்தால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் ஆண்டின் கடைசி எண் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இன்னொன்றில் ஓர் எழுத்துக்குக் கீழே இலையின் நுனி வரும். மற்றொன்றில் அதே இலை இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும். போதாக்குறைக்கு அன்றைய எஃகு தரமானதாக இல்லை. அச்சுகள் சீக்கிரம் வெடித்தன. மாற்றி மாற்றிப் புது அச்சு செய்துகொண்டே இருந்தார்கள். 1794-ஆம் ஆண்டு சென்ட் ஒன்றுக்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு இணைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன.

இவை எல்லாம் நாணயச்சாலைக் கணக்குப் புத்தகத்தில் இல்லை. அங்கே இருப்பது எத்தனை காசு ஒப்படைக்கப்பட்டது என்ற எண்ணிக்கை. 1793-இல் சங்கிலிப் படம் போட்ட சென்ட் 36,103 என்று கணக்கு சொல்கிறது. எந்த அச்சில் எத்தனை என்று அது சொல்லாது. அதைச் சொல்வது காசு மட்டும்தான்.

சரி, தேய்ந்த காசுக்கு வருவோம். தேய்மானம் எதை எடுத்துச் செல்கிறது? உயரத்தை. கன்னம், கூந்தல், இலையின் மேடு எல்லாம் முதலில் மழுங்கும். ஆனால் ஒன்றை அது தொடுவதில்லை: இடத்தை. 'லிபர்டி' என்ற சொல்லின் கடைசி எழுத்து நெற்றிக் கூந்தலிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கப்பட்டதோ, இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அவ்வளவு தள்ளித்தான் இருக்கும். எழுத்தின் மேல்பாதி அழிந்தாலும் அடிப்பாதி நின்றால் போதும்; அது எங்கே நிற்கிறது என்று அளந்துவிடலாம். அப்படி மூன்று நான்கு இடங்கள் கிடைத்தால், அந்த ஆண்டின் எல்லா அச்சுகளையும் வரிசையாக வைத்து "இது இல்லை, இது இல்லை" என்று கழித்துக்கொண்டே வரலாம். கடைசியில் ஒன்று நிற்கும்.

நடைமுறையில் முதலில் பார்ப்பது உருவத்தின் வகை. 1793-இல் விரிந்த கூந்தல். அதே ஆண்டின் பிற்பகுதி முதல் 1796 வரை கோலில் மாட்டிய தொப்பியோடு சுதந்திர தேவி. 1796 முதல் 1807 வரை துணி போர்த்திய மார்பளவு உருவம். 1808-இலிருந்து 1814 வரை நெற்றிப்பட்டையோடு இடப்பக்கம் பார்க்கும் தலை. இது வெறும் நிழலாகத் தெரிந்தாலே காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் சுருங்கிவிடும். பிறகு காசைத் திருப்பி, நாம் 'பூ' என்று சொல்லும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் எல்லாரும் தலைப்பக்கத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். பின்பக்கத்தில்தான் இலை மாலை, காய்கள், காம்பு, கீழே 1/100 என்ற பின்னம் எல்லாம் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் புள்ளிகள் அங்கே அதிகம்.

வெளிச்சம் முக்கியம். மேலிருந்து விளக்கடித்தால் தேய்ந்த காசில் ஒன்றும் தெரியாது. ஒற்றை விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்துவிட்டுக் காசை மெதுவாகச் சுழற்றினால், இல்லாத எண் திடீரென்று எழுந்து நிற்கும். ஏழு அல்லது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, பழங்காசுக்கு அதுதான் எமன். மிச்சமிருக்கும் மேற்பரப்பும் போய்விடும்.

விளிம்பையும் மறக்கக் கூடாது. கனமான சென்ட்டுகளில் விளிம்பைச் சுற்றி 'நூறு சேர்ந்தால் ஒரு டாலர்' என்ற பொருளில் எழுத்துகள் இருந்தன. எடை குறைந்த பிறகு காசு மெலிந்தது, எழுத்து நின்றது. ஆனால் 1795-ஆம் ஆண்டுச் சென்ட்டுகளில் ஒரு சிலவற்றின் விளிம்பு மட்டும், வெள்ளிக் காசுபோல, கோடு கோடாக இருக்கிறது. தெரியவந்தவை பத்தைத் தாண்டவில்லை, எல்லாம் தேய்ந்தவை. அவற்றில் இருப்பதிலேயே நல்லது என்று கருதப்படும் காசும் நன்றாகத் தேய்ந்ததுதான். அது 2009-இல் 12,65,000 டாலருக்கு ஏலம் போனது. தேய்ந்த காசைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

இனி 'பிழை' பற்றி. இப்போது கைப்பேசியைத் திறந்தால் போதும், 'அரிய பிழை நாணயம்' என்று ஏதோ ஒரு கீறல் விழுந்த காசை ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். மாணவர்கள் நம்பி வந்து கேட்கிறார்கள். இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அச்சில் விழுந்த பள்ளம் காசில் மேடாக வரும். எனவே அச்சு வெடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ, காசில் அந்தக் கோடு புடைத்து நிற்கும். காசு வெளியே போன பிறகு ஆணியோ கல்லோ கீறியிருந்தால் கோடு உள்ளே குழிந்திருக்கும். புடைத்தது பட்டறையின் வேலை. குழிந்தது பெரும்பாலும் தெருவின் வேலை. இன்னொன்றும் உண்டு: அச்சின் குறை அந்த அச்சில் பின்னால் அடித்த எல்லாக் காசிலும் வரும். ஒரே காசில் மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

1804-ஆம் ஆண்டு அரை சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திர தேவியின் முகவாயிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவதுபோல இருக்கும். ஏதோ ஒரு திருகாணி அச்சின்மேல் விழுந்து அழுத்திய வடு அது. திருகின் புரிகள்கூட அருகே பதிந்திருக்கின்றன. அந்த அச்சைத் தூக்கிப் போடவில்லை, அடித்துக்கொண்டே போனார்கள். போகப்போக விளிம்பில் விரிசல்கள் பெருகின. ஒரு வரலாற்று மாணவருக்கு இது விருந்து. விரிசல் சிறியதாக இருக்கும் காசு முன்னால் அடித்தது. பெரியதாக இருப்பது பின்னால் அடித்தது. விரிசல் சுருங்காது, வளரத்தான் செய்யும். ஓர் அச்சை வேறு வேறு ஜோடிகளோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருந்தால், எந்த ஜோடி முதலில், எது அடுத்து என்று விரிசலை வைத்தே வரிசைப்படுத்திவிடலாம். யாரும் எழுதி வைக்காத வேலை நாட்குறிப்பு அது.

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்ட அச்சுகளுக்குச் செல்லப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். 1807-இல் தலைக்குப் பின்னால் புடைத்த கோடு வருவது 'வால்நட்சத்திரம்'. 1817-இல் தலை உச்சியில் அச்சு உடைந்து திட்டாகத் தெரிவது 'எலி'. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

அச்சு உடைவது ஒரு வகை. கைவேலைக்காரர் தடுமாறுவது இன்னொரு வகை. 1793-இன் முதல் சென்ட்டில் 'அமெரிக்கா' என்று முழுதாக இல்லை. 'அமெரி' என்று புள்ளி வைத்து முடித்துவிட்டார்கள். அடுத்த அச்சுகளில் முழுச் சொல் வந்தது. மாலைக்குப் பதில் அதில் இருந்த பதினைந்து கண்ணிச் சங்கிலியையும், சுதந்திரம் பேசும் நாட்டின் காசில் விலங்கா என்று விமர்சனம் எழ, சில வாரங்களில் கைவிட்டார்கள். 1796-இல் ஓர் அச்சில் 'லிபர்டி'யின் 'பி' எழுத்தை முதலில் திருப்பி அடித்து, அதன்மேலேயே சரியாக ஒருமுறை அடித்தார்கள். இரண்டும் சேர்ந்து 'எச்' போல ஆகிவிட்டது. 1801-இல் ஓர் அச்சில் மூன்று தவறுகள். பின்னம் 1/100 என்பதற்குப் பதில் 1/000; மாலைக்கு இரண்டு காம்பு வேண்டிய இடத்தில் ஒன்றுதான்; 'யுனைடெட்' என்பதன் முதல் எழுத்து இரண்டு 'ஐ' அருகருகே நிற்பதுபோல. பூஜ்யத்தால் ஒன்றை வகுத்த இந்தக் காசைக் கணித ஆசிரியர்களும் விரும்புவார்கள்.

1801-இன் அந்தக் காசு நன்றாகத் தேய்ந்து கிடைத்தால் என்ன செய்வது? பின்னம் சிறியது, சீக்கிரம் அழியும். ஆனால் காம்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். 'யு' எழுத்தின் அடிப்பகுதி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதும் பெரும்பாலும் தெரியும். ஒன்றே ஒன்றை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஏனென்றால் 1/000 தவறு வேறு அச்சிலும் உண்டு. தவறைக் கண்டுபிடித்து 000 மேலேயே 100 என்று திருத்திய அச்சும் உண்டு.

அச்சு சரியாக இருந்தும் அடிக்கும்போது கெடுவது மூன்றாவது வகை. வில்லை விலகிப் பாதி உருவம் மட்டும் விழும். சில சமயம் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், அதன் ஒரு பக்கத்தில் அச்சின் உருவமும் மறுபக்கத்தில் ஒட்டிய காசின் உருவம் குழிந்து, திரும்பியும் விழும். குழிந்த உருவம் விரல் படாமல் தப்பிக்கும் என்பதால், புடைத்த பக்கம் வழவழவென்று போன பிறகும் அது தெளிவாக நிற்பதுண்டு. வில்லையே கதை சொல்வதும் உண்டு. செம்பு கிடைக்காத தட்டுப்பாட்டில், டால்பட், ஆலம் அண்ட் லீ என்ற நியூயார்க் வணிக நிறுவனம் வெளியிட்ட டோக்கன்களை நாணயச்சாலை வாங்கி, வெட்டி, அவற்றின்மேல் அரை சென்ட் அடித்தது. 1795, 1797 ஆண்டு அரை சென்ட்டுகள் சிலவற்றில் அந்த டோக்கனின் எழுத்து அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். கெட்டுப்போன பெரிய சென்ட்டுகளையும் வெட்டி அப்படியே பயன்படுத்தினார்கள். ஒரு புதிய நாடு சில்லறைக்கு எவ்வளவு திண்டாடியது என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

தேர்வு எழுதும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் எச்சரிக்கை. காசில் இருக்கும் ஆண்டு, காசடித்த ஆண்டாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எஃகு விலை அதிகம் என்பதால் போன வருட அச்சின் 8-இன் மேல் 9 அடித்து ஓட்டினார்கள். அல்லது பழைய ஆண்டை மாற்றாமலேயே அடித்தார்கள். வெள்ளி டாலர் இதற்குப் பெரிய சாட்சி. 1804-இல் 19,570 டாலர் அடித்ததாகக் கணக்கு இருக்கிறது. ஆனால் அவற்றில் பழைய ஆண்டுகளே இருந்தன. 1804 என்று பொறித்த முதல் டாலர்கள் முப்பது ஆண்டு கழித்து, 1834-வாக்கில், வெளிநாட்டு அரசர்களுக்கான பரிசுக்காகச் செய்யப்பட்டவை. அப்படி ஒரு பரிசுப் பெட்டியைத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் 1836-இல் நம் பக்கத்து நாடான சயாமின் மன்னரிடம் கொடுத்தார். ஆவணமும் பொய் சொல்லவில்லை, காசும் பொய் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்தான் ஏமாந்தார்.

வேண்டுமென்றே பொய் சொல்ல வைத்த காசுகளும் உண்டு. பெரிய சென்ட்டில் 1799 மிக அரிது. 1798 தாராளமாகக் கிடைக்கும். கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கினால் போயிற்று! தேய்ந்த காசில் இந்தத் திருட்டு வேலை எளிது, கண்ணுக்கும் தெரியாது. பிடிப்பது எப்படி? ஆண்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்ற இடங்களை அளக்க வேண்டும். உண்மையான 1799 இரண்டே வகைதான். எழுத்தும் கூந்தலும் இலையும் நிற்கும் இடம் அந்த இரண்டோடும் பொருந்தாமல், ஏதோ ஒரு 1798 அச்சோடு பொருந்தினால் விஷயம் முடிந்தது. 1804 சென்ட்டுக்கு இன்னும் சுலபம். அந்த ஆண்டு அடித்தது ஒரே ஓர் அச்சு இணையில். உண்மையான காசில் முகப்பில் உள்ள ஆண்டின் 0 எண்ணும், பின்பக்கத்தில் 'ஆஃப்' என்ற சொல்லின் 'ஓ' எழுத்தும் நேருக்கு நேர் அமையும். வேறு ஆண்டின் காசைத் திருத்திச் செய்த போலி அங்கே மாட்டிக்கொள்ளும்.

இந்த அளவுக்கு அலசி வைத்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் அல்லர். 1794-ஆம் ஆண்டுச் சென்ட்டுகளின் வகைகளை 1869-இலேயே நூலாக்கிய எட்வர்ட் மாரிஸ் ஒரு மருத்துவர். 'இரட்டை நாடி', 'படகோனியன்' என்றெல்லாம் பெயர் வைத்தவர் அவர்தான். 1816-க்குப் பிந்திய சென்ட்டுகளை ஹோவர்ட் நியூகோம்ப் 1944-இல் வரிசைப்படுத்தினார். 1793 முதல் 1814 வரையிலானவற்றுக்கு இன்றும் வழங்கும் எண்களைத் தந்தவர் வில்லியம் ஷெல்டன், உளவியலாளர், மருத்துவர். அவரது நூல் 1949-இல் வந்தது. நாணயங்களின் நிலைமைக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததே. அந்த அளவுகோலின் ஆகக் கீழ்ப்படியான 1 பெறுவதற்குக்கூட, எந்தக் காசு என்று அடையாளம் தெரிந்தாக வேண்டும்.

ஷெல்டன் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பை ஆராயச் சென்ற அவர், அங்கிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையின் தரம் குறைந்த காசுகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கும் மேல். வகை எண் சரியாக இருந்ததால் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. 1977-இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, சேகரிப்பின் பழைய புகைப்படங்களை எடுத்துவைத்து, படத்தில் உள்ள தழும்பு காசில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. அச்சின் குறி எல்லாக் காசிலும் ஒன்று. தெரு போட்ட தழும்பு ஒவ்வொரு காசுக்கும் வேறு. விவகாரம் 1990-களில் கலிஃபோர்னியா நீதிமன்றம்வரை போனது. காசுகள் பல சங்கத்துக்கே திரும்பி வந்தன.